எனக்குக் கேஸ்டிக் இல்லை

எனக்குக் கேஸ்டிக் இல்லை. அந்த வயிற்றெரிச்சல் ஒருநாளும் இருந்ததுமில்லை. பச்சை மிளகாய்ச் சம்பலையும் புளியாணத்தையும் இன்றைக்கும் வெளுத்துக் கட்டுகிறேன். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. என் வயிற்றுக்காக எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு துஆக் கேட்டிருக்கிறார்கள். கேட்ட எல்லோருக்கும் அல்லாஹ் கூலி கொடுக்கட்டும். ஆனால் அந்த நேரம் நான் கொழும்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கவில்லை. எங்கள் கடையிலிருந்து ஓட்டோவில் போகிற தூரத்தில், அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் மனநலப் பிரிவில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தேன்.

என் பெயர் ஜெஸீமா. கல்முனைக்காரி. கணவர் முபாறக் ஹாஜியார் பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் ஷிப்னா, ஆசிரியப் பயிற்சி முடித்துப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

நோயைத்தான் நாங்கள் வருத்தம் என்போம். அது திடீரென்று வரவில்லை. முதலில் நித்திரை போனது. பிறகு வாய் ருசி போனது. ஆணத்துக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தரம் போட்டேன். பிறகு சுபஹுத் தொழுகைக்கு எழும்ப முடியாமல் போனது. பாங்கு கேட்கும், கண் விழித்திருக்கும், உடம்பு மட்டும் எழும்பாது. ஒரு கோப்பையைக் கழுவ எடுத்தால் அதை ஏன் எடுத்தேன் என்று மறந்து குழாயடியில் நின்றுகொண்டேயிருப்பேன். நெஞ்சின் மேல் யாரோ சீமெந்து மூட்டையை இறக்கி வைத்தது போல ஒரு பாரம். நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னதும் இவர், என் கணவர், பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போக வேனை எடுத்தார்.

அதன் பிறகு பரிசோதனைகள்தான். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டி, இதயம் அடிக்கிற விதத்தைத் தாளில் கோடாக வரைவது அது. கோடு அழகாக வந்தது. தைரொயிட் பார்க்க இரத்தம் எடுத்தார்கள். கழுத்தில் இருக்கிற அந்தச் சுரப்பி மந்தமானாலும் ஆள் சோர்ந்துபோவாராம். அதுவும் சரியாக இருந்தது. கடைசியில் தொண்டையால் கெமராக் குழாயை விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். அந்த டொக்டர், "உள்ளுக்க கொஞ்சம் சிவந்திருக்கு, பயப்பட ஒண்டுமில்ல" என்றார். அந்தக் கொஞ்சச் சிவப்பைப் பிடித்துக்கொண்டுதான் இவர் பின்னால் ஒரு பெரிய கேஸ்டிக்கையே கட்டியெழுப்பினார்.

தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்லைக் கட்டும்போதெல்லாம் இவர் முகத்தைப் பார்ப்பேன். ஒரு தரமும் சுளித்ததில்லை. வருத்தம் ஒன்றுமில்லை என்று எழுதித் தந்த தாள்களுக்கு இவ்வளவு காசா என்று எனக்குத்தான் எரியும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக் கதிரையிலும் பக்கத்தில் இருக்கிற பொம்பிளை, "என்ன வருத்தம் கா?" என்று கேட்பாள். சொல்லப் பெயர் இல்லாத வருத்தத்தை வைத்துக்கொண்டு அந்தக் கதிரைகளில் இருப்பது பெரிய அவமானம்.

பிறகு சொந்தக்காரர் வந்தார்கள். கண்ணூறு என்றார் ஒருவர். ஓதிய தண்ணீர் வந்தது, குடித்தேன். அதில் எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. ஆனால் இவருடைய ராத்தா, மூத்த சகோதரி, வந்து கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு, "ஈமான் கொறஞ்சு போனா இப்பிடித்தான் மச்சி வரும்" என்றாரே, அதை இன்றைக்கும் என்னால் செமிக்க முடியவில்லை. ராத்தாவுக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். அதற்கு மாத்திரம் இன்சுலின் ஊசி போடுகிறார். என் வருத்தத்துக்கு மட்டும் இறைநம்பிக்கையைப் பிடித்து ஏன் இழுக்க வேண்டும்? அன்று இதைக் கேட்க எனக்கு வாயில் வலு இருக்கவில்லை. இப்போது இருக்கிறது, கேட்கிறேன்.

கடைசியாகப் போன அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் ஒரு இளம் பெண் டொக்டர் இருந்தார். என் கணவர் நீட்டிய பரிசோதனைத் தாள்களை வாங்கி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, நித்திரை வருதா?"

"இல்ல டொக்டர்."

"முந்தி விருப்பமா இருந்த வேலைகள்ல இப்ப விருப்பம் இருக்கா?"

"இல்ல."

"செத்துப் போனா நல்லம் எண்டு நினைப்பு வாறதா?"

அத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. "ஓம் டொக்டர்," என்றேன். பக்கத்தில் நின்ற இவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டொக்டர் சொன்ன விளக்கத்தை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது உதவும். இதற்குப் பெயர் மனச்சோர்வு நோய். கவலை வேறு, இது வேறு. கவலைக்கு ஒரு காரணம் இருக்கும், நாளாக ஆறும். இது மூளையில் நடக்கிற மாற்றம். நித்திரை, பசி, விருப்பம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இதற்குக் குளிசை, அதாவது மாத்திரை, இருக்கிறது. குளிசை வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும். அதுவரைக்கும் என்னைத் தனியே விடக் கூடாது என்று வார்ட்டில் மறித்து வைத்துக்கொண்டார்.

வார்ட்டைப் பற்றி ஊரில் சொல்கிற கதைகளைக் கேட்டால் சங்கிலியும் கூச்சலும்தான் ஞாபகம் வரும். நான் கண்டது வேறு. பத்துப் பன்னிரண்டு கட்டில்கள், மின்விசிறி, நேரத்துக்குக் குளிசையும் தேத்தண்ணியும் தருகிற தாதி மிஸ்மார். பக்கத்துக் கட்டிலில் வீரமுனை ஊர்க்கார அக்கா ஒருவர். முதல் இரவு நான் நடுங்கிக்கொண்டிருந்தபோது தன் போர்வையைக் கொண்டுவந்து என் மேல் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்ப் படுத்தார். பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயம் வார்ட்டைப் பற்றியதல்ல. நான் இனி நானாகத் திரும்பி வர மாட்டேனோ என்ற பயம்.

இவர் ஒவ்வொரு பின்னேரமும் சாப்பாட்டோடு வந்தார். முன் வாசலால் அல்ல, பின் வாசலால். தலையில் ஹெல்மெட். வார்ட்டுக்குள்ளும் அதைக் கழற்ற மாட்டார். என் கட்டிலருகே ஹெல்மெட்டோடு இருந்து இடியப்பத்துக்குச் சொதி ஊற்றித் தருவார். வீரமுனை அக்கா என்னிடம், "உங்கட அவருக்குத் தலையில காயமா?" என்று கேட்டார்.

காயமில்லை, ஊரார் முகத்தைக் கண்டுவிடக் கூடாது. காரணம் மகளின் கலியாணம். அக்கரைப்பற்றில் நல்ல இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "தாய்க்கு மனசு வருத்தம் எண்டு தெரிஞ்சா ஆரு புள்ள வருவான்?" என்று மெல்லக் கேட்டார் இவர். அதனால் ஊருக்கு நான் கொழும்பில், கேஸ்டிக்குக்கு மருந்து எடுக்கிறேன். கொழும்பு மாளிகாவத்தையில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர் பார்க்க வரப்போகிறோம் என்று சொன்னதும் இவர் தன் கதையில் என்னை ஐ.சி.யூ.வில் போட்டார், அங்கே யாரையும் விட மாட்டார்கள் அல்லவா? ஐ.சி.யூ. என்று கேட்டதும் ஊர் பதறியது. அந்தப் பதற்றத்தில்தான் ஜும்ஆவில் துஆ. மகள் வந்து இதைச் சொல்லி அழுதாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். என் பிள்ளையின் கலியாணம் நடக்க வேண்டுமென்றால் நான் இருக்கிற இடத்தில் நான் இல்லாமல் இருக்க வேண்டும். சாகலாம் என்று நினைக்கிற ஒருத்திக்கு அது நல்ல செய்தியல்ல.

அந்தப் பிரிவின் உளவளத்துணையாளர் சுகந்தி மிஸ், காரைதீவுக்காரர். என்னை மட்டும் இருத்திக் கதைத்துப் பிரயோசனம் இல்லை, வீட்டாக்களும் வர வேண்டும் என்றார். இதற்குக் குடும்பச் சிகிச்சை என்று பெயர். பெயரைக் கேட்டதும் இவருக்குக் கோபம் வந்தது.

"எனக்கும் மகளுக்கும் என்ன வருத்தம் மிஸ்?"

"ஒண்டுமில்ல ஹாஜியார். ஒராள் படுத்தா மற்றாக்கள் அவரச் சுத்தி வளைஞ்சு நடக்கப் பழகிருவாங்க. அவர் எழும்பின பிறகும் அந்த வளைவு போகாது. அதைத்தான் பாக்கப் போறம்."

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று பேரும் மூன்று கதிரையில் இருந்தோம். மிஸ் ஏதாவது கேட்டால் இவர் என் பக்கம் கையைக் காட்டுவார், மகள் தரையைப் பார்ப்பாள், நான் ஜன்னலைப் பார்ப்பேன். கடைசியில் மிஸ், "உங்கட வீட்டில புத்தகம் வாசிக்கிற பழக்கம் இருக்கா?" என்று கேட்டார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அலுமாரி நெறைய இரிக்கி மிஸ்!"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கவிஞர் மேல்தான் விழ வேண்டும். மாதத்துக்கு ஒரு நூல் வெளியீட்டு விழாவாவது நடக்கும். விழாவில் முதற் பிரதியை வர்த்தகப் பிரமுகர் ஒருவர் பெற்றுக்கொள்வது வழக்கம். அவர் ஒரு என்வலப்பைக் கொடுப்பார், நூலாசிரியர் ரிப்பன் கட்டிய புத்தகத்தைக் கொடுப்பார், படம் எடுப்பார்கள். கல்முனையில் அந்தப் பிரமுகர் அநேகமாக இவர்தான். அப்படி வாங்கிய முதற் பிரதிகள் எங்கள் ஹோலில் கண்ணாடி அலுமாரியில் ரிப்பன் அவிழ்க்காமல் நிற்கின்றன. திறப்பு, அலுமாரிச் சாவி, இவருடைய சட்டைப் பையில். மகளுக்குக்கூட ஒன்றைத் தொட அனுமதி கிடையாது.

மிஸ் அடுத்த முறை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். இவர் இருந்ததிலேயே தடித்த சிறுகதைத் தொகுதியைக் கொண்டுவந்தார். மகள் ரிப்பனை அவிழ்த்தாள். முதற் கதையில் இரண்டு பக்கம் வாசித்துவிட்டுத் திருப்பினால் வெள்ளைத் தாள். அடுத்ததும் வெள்ளை. அச்சகத்தில் விட்ட பிழை. புத்தகத்தில் பாதி வெறுந்தாள்! பொன்னாடை போர்த்தி, கைதட்டி, படம் பத்திரிகையில் வந்து, இவ்வளவு வருடம் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருந்தது இதைத்தான்.

"மத்தப் பொத்தகமெல்லாம் சரியாத்தான் இரிக்கும்," என்றார் இவர், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, எனக்கே அந்தச் சத்தம் புதிதாக இருந்தது. என்னைப் பார்த்து மகள் சிரித்தாள், பிறகு சிரித்துக்கொண்டே அழுதாள். மிஸ் எழும்பிப் போய் மேசை லாச்சியிலிருந்து ஒரு சிறுகதையின் போட்டோப் பிரதிகளை எடுத்து ஆளுக்கொன்று தந்தார்.

"ஆளுக்கு ஒரு பந்தி, சத்தமா வாசிக்கணும். கதையில உள்ள ஆக்களப் பற்றி மட்டும் கதைக்கலாம். உங்கட வீட்டுக் கதை எடுக்கக் கூடாது."

"அதேன் மிஸ்?" என்று மகள் கேட்டாள்.

"சொந்தக் கதை எண்டா ஆளாளுக்கு லோயராகிருவீங்க. வேற ஆக்கள்ட கதை எண்டா நியாயம் கதைப்பீங்க."

கதை ஒரு மீன்காரனைப் பற்றியது. அவனுடைய மனைவி ஒருநாள் பாயிலிருந்து எழும்பவில்லை. அடுத்த நாளும் எழும்பவில்லை. அவன் முன்கதவைச் சாத்திவிட்டு, கேட்கிறவர்களுக்கு அவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்கிறான். தங்கச்சிக்குப் பிள்ளை கிடைத்திருக்கிறது என்கிறான். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிறான். இல்லாத பிள்ளையின் காய்ச்சலுக்கு அயலவர்கள் மருந்து கொண்டுவருகிறார்கள். இந்த இடத்தை வாசித்துவிட்டு மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பந்தி இவருடையது. மேடைகளில் பேசிப் பழகிய ஆள், நன்றாகவே வாசித்தார். நடுவில் ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். எல்லார் கையிலும் ஒரே தாள். நால்வருக்கும் தெரிந்துவிட்டது.

"வாப்பா, ஒரு வரிய உட்டுட்டீங்க," என்றாள் மகள்.

"கண்ணாடி கொண்டரல்ல மகள்."

"போட்டிருக்கீங்க வாப்பா."

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டேயிருந்தார். மகள்தான் அந்த வரியை வாசித்தாள். 'உள்ளே கிடப்பவளுக்குக் கேட்கும் என்று தெரிந்தும், அவள் இங்கே இல்லை என்று அவன் உரத்துச் சொன்னான்.'

மிஸ் என் பக்கம் திரும்பி, "உள்ளுக்க கிடக்கிற பொம்பிளை என்ன நினைச்சிருப்பா அக்கா?" என்று கேட்டார்.

"மௌத்தாகிறதுக்கு முந்தியே கபுறுக்க வெச்சிட்டாங்க எண்டு நெனச்சிருப்பா," என்றேன். உயிரோடு புதைக்கப்பட்டவளைப் பற்றிய அதுதான், வார்ட்டுக்கு வந்த பிறகு நான் பேசிய முதல் நீளமான வசனம். பேசும்போதே கோபம் ஏறியது. அந்தக் கோபம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்றுமே உணராமல் கிடந்தவளுக்குக் கோபம் வருவதே பெரிய சுகம்.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிறகு மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னார்.

"அவன் கெட்டவன் இல்ல மிஸ். பயந்தவன்."

"என்னத்துக்குப் பயம் ஹாஜியார்?"

"ஆக்கள் அவளப் பைத்தியம் எண்டு சொல்லிருவாங்க எண்டு. அதக் கேட்டுக்கிட்டு அவனால இரிக்க ஏலா."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தார். முகம் நனைந்திருந்தது. இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனிதர், என்னைப் பற்றி அப்படிப் பயந்துகொண்டிருக்கிறார் என்று ஒரு மீன்காரனை வைத்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. கோபம் போகவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் அன்பும் வந்து இருந்துகொண்டது. அடுத்த நாள் இவர் முன் வாசலால் வந்தார்.

எங்கள் கதையைத் தெரிந்துதான் அதை எடுத்துத் தந்தீர்களா என்று பின்னொருநாள் மிஸ்ஸிடம் கேட்டேன். "இந்த வார்ட்டில எந்தக் குடும்பத்துக்குக் குடுத்தாலும் பொருந்துற கதை அக்கா அது," என்றார்.

கதை வாசித்துக் குணமாகிவிட்டேன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். குளிசைதான் நித்திரையைத் தந்தது, பசியைத் தந்தது. இன்னும் குடிக்கிறேன். சுகமாகிவிட்டது போலிருந்தாலும் நானாக நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் குளிசை என்னை எழுப்பி உட்கார வைத்தபோது, பக்கத்தில் கதைக்கக்கூடிய இரண்டு பேர் இருந்தார்களே, அது வாசிப்பால் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் இஷாத் தொழுகைக்குப் பின் மூவரும் ஆளுக்கொரு பந்தி வாசித்தோம். அலுமாரித் திறப்பு இப்போது மகளிடம். சில முதற் பிரதிகளில் இருந்த கவிதைகளைக் கேட்டு எனக்கு மறுபடி வருத்தம் வந்துவிடுமோ என்று அவள் பயந்ததும் உண்மை.

கலியாணப் பேச்சு நிற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளையின் உம்மாவும் பெண்களும் வந்து உள்ளே இருந்தார்கள். ஆண்கள் ஹோலில். தொதல் இனிப்பும் தேத்தண்ணியும் வைத்தோம். சுகம் விசாரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் உம்மா, "கொழும்பில கெடந்தீங்களாமே மச்சி, இப்ப வயித்துக்கு எப்பிடி?" என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். பொய் சொன்னால் எல்லாம் சுலபம். ஆனால் பொய் சொன்னால் இன்னும் முப்பது வருடம் இந்த வீட்டில் ஒளித்துக் குளிசை குடிக்க வேண்டும்.

"வயித்துக்கு ஒண்டுமில்ல மச்சி. மனசுக்குத்தான் வருத்தம் வந்த. இஞ்ச ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவிலதான் கெடந்தன். இப்பயும் குளிசை குடிக்கிறன்."

கோப்பைகள் தட்டில் இறங்கின. "அது… பரம்பரையா வாறதாமே?" என்று பக்கத்தில் இருந்த ஒருவர் மெல்லக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் திரையை விலக்கிக்கொண்டு இவர் வந்து நின்றார். பெண்கள் இருக்கிற இடத்துக்கு வராத மனிதர்.

"எல்லா வருத்தமும் கொஞ்சம் பரம்பரைதான், சீனி வருத்தமும்தான். கொழும்பு எண்டு பொய் சொன்னவன் நான். மன்னிச்சுக்கங்க. இந்த ஊடு அவட உம்மா வாப்பா அவவுக்குக் குடுத்த ஊடு. நான்தான் இஞ்ச வந்து சேந்தவன். அவ இல்ல எண்டு சொல்ல எனக்கு என்ன உரிம?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வார். ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் அதை ஒரு ஹாஜியார் நாலு பேர் முன்னால் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வந்தவர்கள் சலாம் சொல்லிப் போனார்கள். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் உம்மா மகளுடைய போனுக்கே அழைப்பு எடுத்தார். எங்களுக்கும் கேட்கும்படி மகள் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"எங்களுக்குச் சம்மதம் மகள். உங்களப் புடிச்சிரிக்கி. ஒரு விசயம் மட்டும். உம்மாட கத நம்மட ரெண்டு குடும்பத்துக்குள்ளேயே இரிக்கட்டும். வெளிய கேஸ்டிக் எண்டே போகட்டும். என்ன?"

இவர் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். நல்ல இடம், நல்ல பையன், அவளுக்கும் விருப்பம் என்று எனக்குத் தெரியும். "உன்ட வாழ்க்க புள்ள," என்று வாயசைத்தேன். எனக்காக விடாதே என்று கையையும் காட்டினேன்.

மகள் போன் பக்கம் குனிந்தாள்.

"மெத்தச் சந்தோசம் மாமி. ஆனா அது ஏலாது. உம்மா அத எழுதிக்கிட்டு இரிக்கா. சொந்தப் பேரிலதான். அச்சில வந்ததும் உங்களுக்கும் ஒண்டு அனுப்புறன். வாசிச்சுப் போட்டு உங்கட முடிவச் சொல்லுங்க."

நான் அதுவரை ஒரு எழுத்தும் எழுதியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டு, பாடசாலைப் பையிலிருந்து ஒரு பேனையை எடுத்துவந்து என் கையில் தந்தாள்.